அம்மா கீழே இறங்கிய ஷிஃப்ட்

எங்கள் ஊரில் கடற்கரை உண்டு. கடல்தான் இல்லை. சுரங்கத்திலிருந்து எடுத்த கல்லை மாவாக அரைத்து, தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் மணலை நூறு வருடமாகக் கொட்டிக் கொட்டி மலைபோல் குவித்து வைத்திருக்கிறார்கள். சைனைடு திட்டு என்று பெயர். காற்றடித்தால் அந்த மணல் சோற்றில் வந்து விழும். சாயங்காலங்களில் காதலர்கள் அதன் அடிவாரத்தில் உட்கார்ந்து, கடல் இருக்க வேண்டிய திசையில் ராபர்ட்சன்பேட்டை பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே 1999 தீபாவளி முடிந்த கையோடு அம்மா, "அந்தமானுக்குப் போவணும். கடலுக்குள்ள மூஞ்சிய வுட்டு மீனப் பாக்கணும்" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதிக் கடற்கரை ஏற்கெனவே கையில் இருக்கிறது. மீதிப் பாதியைத்தானே கேட்கிறாள்.

அம்மா பாக்யலட்சுமி, புல்டோசர் செய்யும் ஃபேக்டரியில் டிராயிங் ஆஃபீஸ் டிரேசர். இஞ்சினியர்கள் பென்சிலில் போட்ட படத்தின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு தாளை விரித்து, அதே கோட்டை மையால் மறுபடி போடுகிற வேலை. அந்த வேலைக்கு நான்கு வருடத்துக்கு ஒருமுறை, இந்தியாவுக்குள் எங்கே வேண்டுமானாலும் குடும்பத்தோடு போய்வர டிக்கெட் செலவைக் கொடுத்துவிடுவார்கள். இந்தச் சலுகையில் நாங்கள் அதுவரை பார்த்த ஊர்கள் திருப்பதி, அதற்கு அடுத்தபடியாகத் திருப்பதி.

அப்பா தாமோதரன் சுரங்கத்தில் கேஜுக்கு மணி அடிப்பவர். கேஜ் என்றால் ஆட்களை, கிணறு மாதிரி இறங்கும் ஷாஃப்ட்டுக்குள் இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டு. அப்பா ஒரு மைல் ஆழத்தில் தன் லெவலில் நின்றுகொண்டு, ஷிஃப்ட் முடிந்தவர்களைக் கூண்டில் ஏற்றிக் கதவைச் சாத்தி, மணி அடித்து மேலே அனுப்புவார். எல்லோரும் போன பிறகு கடைசிக் கூண்டில் தானும் வருவார். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று அந்த வருடம் ஊரே பேசிக்கொண்டிருந்தது. அப்பா மட்டும் பேசவில்லை. கடைசியாக வருவது அவருக்குப் பழக்கம்.

பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்பது சட்டம். அதனால் அம்மா தினமும் ஒரு கேள்வி கேட்பாள். அப்பா வீட்டுக்கு வந்து வாசலில் கால் கழுவும்போது கேட்பாள்.

"இன்னாங்க, கீழ இன்னா?"

"இன்னா இருக்கும்? கல்லு."

அவ்வளவுதான். இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் தினமும் நடந்த உரையாடல் இது. புதிதாகக் கல்யாணமானபோது இரண்டு வார்த்தை கூடுதலாக இருந்திருக்கலாம். நான் அப்போது இல்லை.

இப்படிப்பட்ட வீட்டில்தான் லூயிசா வந்து நெருப்பு வைத்தாள். லூயிசா டிராயிங் ஆஃபீஸில் அம்மாவுக்குப் பக்கத்து மேஜை. முந்தின வருடம் அந்தமானுக்குப் போய்வந்து ஒரு போட்டோவைக் காட்டினாள். லூயிசாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில், கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் ஒரு பெரிய ரப்பர் கண்ணாடியும், வாயில் கவ்விய ஒரு வளைந்த குழாயும் இருந்தன. ஸ்நார்க்கெல் என்று பெயராம். அதை மாட்டிக்கொண்டு தண்ணீரில் குப்புற மிதந்தால், குழாய் வழியாக மூச்சு விட்டபடியே கீழே இருப்பதையெல்லாம் பார்க்கலாம்.

"அக்கா, கீழ ஒரு ஊரே இருக்குது" என்றாளாம் லூயிசா.

"எங்க வீட்டுக்காரரும் கீழ ஒரு ஊருக்குத்தான் தெனம் போயிட்டு வராரு. ஒருநாளும் வாயத் தெறந்து சொன்னதில்ல. நானாவது போயிப் பாத்துட்டு வரேன்" என்றாளாம் அம்மா.

அப்பா சம்மதிக்கவில்லை.

"இன்னாத்துக்குமே கடலுக்கு உள்ள போவணும்? மேல நின்னு பாத்தா தெரியாதா?"

"மேல நின்னு பாத்தா தண்ணிதாங்க தெரியும்."

"நீச்சல் தெரியுமா ஒனக்கு?"

"ஒங்களுக்குப் பறக்கத் தெரியுமா? கேஜுல போவல?"

அப்பா கொஞ்ச நேரம் இட்லியைப் பார்த்தார். நான் சமாதானத்துக்காக உள்ளே புகுந்தேன்.

"நைனா, அது உள்ள போறதே இல்ல. மூஞ்சி மட்டுந்தான் தண்ணிக்குள்ள. உடம்பு மேலயேதான் மிதக்கும்."

"மூஞ்சி உள்ள போச்சின்னா ஆள் உள்ள போன மாதிரிதான்" என்றார். "உள்ள போறதுன்னா அதுக்குன்னு ஒரு மொற கீது. ரூபேஷு, நீ காலேஜுல படிக்கிறது கணக்கு. இது கணக்கு இல்ல."

நான் பி.காம். இரண்டாம் வருடம். கணக்கையும் படிக்கவில்லை என்பதை அந்த நேரத்தில் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் வீட்டில் யாரும் அந்தமானைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மா துணி மடித்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னாள்.

"அடுத்த வருஷத்துக்குள்ள டிராயிங் எல்லாம் கம்ப்யூட்டர்ல போடப் போறாங்களாம். எங்கள வேற எங்கியாவது போடுவாங்க. இம்மாங் காலம் அடுத்தவன் போட்ட கோட்டு மேலயே கோடு போட்டுக்கினு இருந்துட்டேன். ஒரு தபா, யாரும் கோடு போடாத எடத்தப் பாத்துட்டு வந்துட்டேன்னா போதும். அப்புறம் அவங்க எங்க போட்டாலும் உக்காந்துக்கறேன்."

அப்பா எழுந்து உள்ளே போனார். டிரங்குப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு பித்தளை டோக்கன் இருந்தது. வட்டமாக, ஐந்து ரூபாய்க் காசைவிடப் பெரிதாக, நடுவில் நம்பர் அடித்து, மாட்டுவதற்கு மேலே ஒரு ஓட்டையோடு.

சுரங்கத்தில் யாரும் டோக்கன் கொடுக்காமல் கீழே போக முடியாது. இறங்கும்போது மேலே இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைப் பலகையில் மாட்டுவார். ஏறி வந்ததும் முகத்தைக் காட்டித் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். பலகையில் டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். ஒருமுறை முனியப்பன் என்பவர் மேலே வந்தவர் டோக்கனை வாங்க மறந்து நேராக மேட்னி ஷோவுக்குப் போய்விட்டார். அவரைத் தேடி ஆறு பேர் கீழே இறங்கினார்கள். அவர் மனைவி ஷாஃப்ட் வாசலில் அழுது முடித்துவிட்டாள். இடைவேளையில் டீ குடித்துக்கொண்டிருந்த முனியப்பனை யாரோ பார்த்துச் சொன்ன பிறகுதான் தேடினவர்கள் மேலே வந்தார்கள். கொலை, திருட்டு, முனியப்பன் செய்தது, இந்த வரிசையில் எது பெரியது என்று கேட்டால் அப்பா யோசிக்காமல் மூன்றாவதைச் சொல்வார்.

"இது என்னோட பழைய நம்பரு. ஷாஃப்ட்டு மாத்தனப்ப புதுசு குடுத்துட்டாங்க" என்று டோக்கனை அம்மாவிடம் நீட்டினார். "நீ கடல்ல எறங்கறதுக்கு முந்தி இத்த என் கையில குடுக்கணும். மேல வந்ததும் என் கையிலேர்ந்து வாங்கிக்கணும். நான் படகுலயே இருப்பேன். ஒத்துக்கினா போலாம்."

"அவ்ளோதான?" என்றாள் அம்மா.

"அவ்ளோதானான்னு கேக்கற பாரு. அதுதான் எனக்குப் பயம்" என்றார் அப்பா.

லூயிசா தன் கண்ணாடியையும் குழாயையும் இரவல் கொடுத்தாள். பயிற்சி எங்கள் வீட்டு வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மில் நடந்தது. தெருக்குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். வந்த அன்று டிரம் நிறைந்ததும் அம்மா கண்ணாடியை மாட்டி, குழாயைக் கவ்வி, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டாள். அப்பா பக்கத்தில் அலாரம் கடிகாரத்தோடு நின்றார். எங்கள் வரிசையில் குடியிருந்த அத்தனை பேரும் குடத்தோடு வந்து நின்றார்கள்.

"இன்னாடி பாக்யா, டிரம்முல கம்மலு வுழுந்துடுச்சா?" என்றாள் பக்கத்து வீட்டு கங்கம்மா.

அம்மா குழாய் வழியாக ஏதோ பதில் சொன்னாள். சங்குக்குள் தவளை கத்துவது போல இருந்தது.

"இன்னா சொல்றா?"

"மீன் இன்னும் வரலையாம்" என்றேன்.

"வந்தா எனக்கும் ரெண்டு எடுத்து வெய்யி. கொழம்பு வெச்சி நாளாச்சி" என்று கங்கம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

அன்று இரவு அந்தத் தண்ணீரில்தான் சமையல் நடந்தது. ரப்பர் வாசனையோடு ரசம் குடிப்பது அதிகம் பேருக்கு வாய்க்காது.

ஜனவரியில் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். மூன்று நாள் பயணம். எங்களுக்குக் கிடைத்தது கப்பலின் வயிற்றுக்குள், ஜன்னலில்லாத ஒரு பெரிய கூடத்தில் அடுக்குப் படுக்கை. மற்றவர்கள் படியேறி மேல்தளத்துக்குப் போய்க் காற்று வாங்கினார்கள். அப்பா உள்ளே வந்ததும் சுற்றிலும் பார்த்தார். இரும்புச் சுவர், குழல்விளக்கு, எங்கோ மெஷின் ஓடும் சத்தம். "நல்லா கீது" என்று சொல்லிப் படுத்தவர், மூன்று நாளும் நிம்மதியாகத் தூங்கினார். சாப்பாட்டுக்கு எழுப்பினால், "எத்தினாவது லெவல்ல போடறாங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து வருவார். அம்மாவும் நானும் வாளியும் கையுமாக உட்கார்ந்திருந்தோம்.

போர்ட் பிளேயரில் ஒருநாள் படுத்துத் தெளிந்து, மறுநாள் காலையில் வேன் பிடித்து, பிறகு ஒரு சுற்றுலாப் படகில் ஒரு மணி நேரம் போய், ஆள் குடியில்லாத ஒரு குட்டித் தீவுக்கு வந்தோம். நடுவில் காடு, சுற்றி வெள்ளை மணல், அதைச் சுற்றிப் பச்சைக் கண்ணாடியை உருக்கி ஊற்றின மாதிரித் தண்ணீர். படகு கரைக்குக் கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டது. படகிலிருந்த முப்பது பேரும் "ஆ" என்றார்கள். அம்மா மட்டும் மணலையே பார்த்தாள்.

"நம்ம சைனைடு திட்டு மாதிரியே கீதுங்க" என்றாள்.

"ஆமா. ஆனா இவங்க நல்லாப் பரப்பி வெச்சிருக்காங்க" என்றார் அப்பா.

கடலைக் காட்டும் வேலை மாணிக்கராஜ் என்பவருடையது. முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று தலைமுறையாக அந்தமானில் இருக்கும் தமிழ்க் குடும்பம். கழுத்தில் விசில், கையில் ஒரு காற்று வளையம். நீச்சல் தெரியாதவர்கள் அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டு குப்புற மிதக்க வேண்டும். அவர் இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவார். அப்பா அவரை ஒரு ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, எத்தினி பேரு உள்ள போறாங்க, எத்தினி பேரு வெளிய வராங்கன்னு நீங்க எப்பிடித் தெரிஞ்சிக்குவீங்க?"

"அது பாத்துக்குவோம் சார்."

"பாத்துக்குவீங்கன்னா?"

"கண்ணாலதான் சார். தண்ணி நெஞ்சு வரைக்கும்தான் இருக்கு. இங்க யாரும் எங்கயும் போயிட முடியாது."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணால் பார்த்துக்கொள்கிற ஒரு மனிதனிடம் பெண்டாட்டியை ஒப்படைக்க வேண்டிவந்த வருத்தம் அந்தப் பார்வையில் இருந்தது.

அம்மா படகின் பின்புறத் தடுப்புக்குள் போய் உடை மாற்றிக்கொண்டு வந்தாள். என்னுடைய டிராக் பேண்ட். மேலே, முழுக்கை வைத்த அப்பாவின் பழைய காக்கிச் சட்டை. கீழே இறங்கும்போது அவர் போடும் சட்டை. துவைத்துத் துவைத்து நிறம் போயிருந்தது. வேறு எதுவும் உடம்பை மூடுவதாகக் கிடைக்கவில்லை என்றாள் அம்மா. அப்பா காலர் பொத்தானை மாட்டிவிட்டார்.

பிறகு கையை நீட்டினார். அம்மா டோக்கனைக் கொடுத்தாள். படகில் பலகை இல்லாததால் அப்பா அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"மேல வந்ததும்?"

"ஒங்க கையிலேர்ந்து வாங்கிக்கணும். எத்தினி தபா கேப்பீங்க? நான் இன்னா முனியப்பனா?"

இரும்பு ஏணி வழியாக அம்மா இறங்கினாள். பின்னாலேயே நானும். மாணிக்கராஜ் எனக்கும் ஒரு கண்ணாடியும் குழாயும் மாட்டிவிட்டு, எங்கள் இரண்டு பேர் கையிலும் வளையத்தைக் கொடுத்தார். அம்மா குழாயைக் கவ்வினாள். ஒரு முறை படகைப் பார்த்தாள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள்.

நானும் வைத்தேன்.

கல்லூரியில் எதைப் பார்த்தாலும் கிண்டல் பண்ணி எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறவன் நான். அங்கே எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முதலில் சத்தம் நின்றது. பிறகு என் மூச்சு மட்டும் குழாயில் போய்வருவது கேட்டது. கீழே பவளப்பாறைகள் மூளை மாதிரி, காலிஃபிளவர் மாதிரி, மான்கொம்பு மாதிரி. அவற்றுக்கு நடுவே மீன்கள். ஜிலேபி நிறத்தில் ஒன்று, பரோட்டாக் கடை போர்டு மாதிரி மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்ட ஒரு கூட்டம். எல்லாம் மெதுவாக, ஆஃபீஸுக்கு நேரமிருக்கிறவர்கள் போல. ஒரு நீல மீன் என் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று, நான் யார் என்று பார்த்து, முக்கியமில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டு போயிற்று.

பக்கத்தில் அம்மா. காக்கிச் சட்டை தண்ணீரில் பொம்மென்று உப்பியிருந்தது. ஒரு கையால் வளையத்தைப் பிடித்திருந்தாள். இன்னொரு கை கீழே நீண்டிருந்தது. ஆள்காட்டி விரல் அசைந்துகொண்டிருந்தது. எதையோ சுட்டிக்காட்டுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. ஒரு பாறையின் விளிம்பைத் தண்ணீரிலேயே விரலால் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு முனையில் ஆரம்பித்து, வளைவுகளில் நிதானித்து, கையை எடுக்காமல்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் மூச்சை எங்கே விடுவது என்று மறந்து, கால் லிட்டர் கடலைக் குடித்துவிட்டேன். மாணிக்கராஜ் என்னைப் படகில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் போனார்.

அப்பா நான் விட்ட இடத்திலேயே, ஏணிக்குப் பக்கத்தில், டோக்கனை மூடிய கையோடு நின்றிருந்தார்.

"அவ?"

"கீழதான் இருக்காங்க நைனா. நல்லாப் பாக்கறாங்க."

"எவ்ளோ நேரம் பாப்பா?"

"பாக்கட்டும் நைனா."

அவர் உட்காரவில்லை. தண்ணீரையே பார்த்தார். வெயில் அதில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. கொஞ்ச நேரம் கழித்து, "மேல இருந்துக்கினு பாத்தா ஒரு எழவும் தெரியலடா" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "இப்பிடியேதான் நிப்பாளா?" என்றார்.

"யாரு?"

"சங்கு ஊதும்போது. ஷாஃப்ட்டு வாசல்ல."

ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போதும் முடியும்போதும் எங்கள் ஊரில் சங்கு ஊதும். அது கடிகாரம் மாதிரி. யாரும் காது கொடுக்க மாட்டார்கள். நேரந்தவறி ஊதினால் மட்டும் கீழே எங்கோ பாறை சரிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது எங்கள் வரிசையில் ஒரு பெண்கூட வீட்டில் இருக்க மாட்டாள். அம்மா ஆஃபீஸில் இருந்தால் அங்கிருந்தே ஓடுவாள். அப்பா கடைசிக் கூண்டில் வருகிறவர் என்பதால், மற்றவர்களின் புருஷன்கள் வந்து, மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் அவள் நின்றுகொண்டிருப்பாள்.

"இப்பிடித்தான். ஆனா அவங்க கையில டோக்கன்கூட இருக்காது" என்றேன்.

அப்பா மறு கையால் ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் மாணிக்கராஜ் படகுக்கு வந்தார், அடுத்த இரண்டு பேரைக் கூட்டிப்போக. காற்று வளையம் காலியாக இருந்தது.

"தம்பி, எங்க வீட்டம்மா எங்க?"

"கரையில விட்டுட்டேன் சார். கால் பிடிச்சிக்கிச்சின்னாங்க, அந்தப் பக்கம் நேரா மணல்ல ஏறிட்டாங்க. அங்கதான் இருப்பாங்க."

எவருக்கும் இது போதுமான பதில். அப்பா கையை விரித்துப் பார்த்தார். டோக்கன் இருந்தது.

"ஏறலியே" என்றார்.

"ஏறிட்டாங்க சார், நான்தானே விட்டேன்."

"டோக்கன் என் கையில கீதுப்பா. எப்பிடி ஏறியிருப்பா?"

மாணிக்கராஜ் என்னைப் பார்த்தார். நான் கரையைப் பார்த்தேன். கரையில் பெரும்பாலோர் படகில் கொடுத்த ஆரஞ்சு மிதவை ஜாக்கெட்டைக் கழற்றாமல் ஒரே மாதிரி இருந்தார்கள். மரங்களின் நிழலில் இன்னும் சிலர். காக்கிச் சட்டை கண்ணில் படவில்லை. நானே கரையில் இருந்த தலைகளை எண்ண ஆரம்பித்தேன். டோக்கனுக்கு அந்தச் சக்தி உண்டு.

"ஆள் சொல்றத நம்பக்கூடாது. பலகயத்தான் நம்பணும்" என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, படகோட்டியின் அறைக்குள் போனார். உள்ளே தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கியது. இறங்கினவர்களைத் திரும்பக் கூப்பிடுவதற்கான சைரன். படகோட்டி "சார், சார்" என்பதற்குள் அப்பா அதைப் பிடித்து இழுத்தார்.

அது ஊதியது. நீளமாக, கடைசியில் கொஞ்சம் இழுத்து. அசல் எங்கள் ஊர்ச் சங்கு.

சைரன் ஊதினால் சாப்பாடு என்று முப்பது பேருக்கும் காலையில் சொல்லியிருந்தார்கள் போல. எல்லோரும் சாவகாசமாக எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார்கள். ஒரே ஒருத்தி மட்டும், காட்டோரத்தில் ஒரு பெரிய அடிமரத்துக்குப் பின்னாலிருந்து, கையிலிருந்த இளநீரை எறிந்துவிட்டு ஓடிவந்தாள். பிடித்துக்கொண்ட காலைச் சாய்த்துச் சாய்த்து ஓடினாள். காக்கிச் சட்டை. தண்ணீர் விளிம்புக்கு வந்து நின்று கண்ணுக்குமேல் கையை வைத்துப் படகைப் பார்த்தாள். அப்பா நின்றிருந்த ஏணிப் பக்கம் காலியாக இருந்தது. அவ்வளவுதான், தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

"நைனா! அதோ அம்மா!" என்று திரும்பினேன். அப்பாவும் அங்கே இல்லை.

அவர் படகின் மறுபக்கம் ஏற்கெனவே குதித்திருந்தார். வேட்டியோடு. நீச்சல் தெரியாதவர். தண்ணீர் நெஞ்சுக்கு இருந்தது. அவர் நிமிரவே இல்லை. தண்ணீருக்குள்ளேயே தேடிக்கொண்டு, "பாக்யா, பாக்யா" என்று கடலடியைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே கரைப்பக்கமாக நடந்தார். அம்மா எதிர்ப்பக்கத்திலிருந்து படகையே பார்த்துக்கொண்டு, "இன்னாங்க, இன்னாங்க" என்று கூவிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் கிட்டத்தட்ட மோதிக்கொண்டார்கள்.

"எங்கமே போன நீ?"

"நீங்க எங்க மாட்டிக்கினீங்க?"

"நான் எங்க மாட்டிக்கினேன்? நீதான் கீழ இருந்த!"

"நான் ஏறி எவ்ளோ நேரமாச்சி! சங்கு ஊதிச்சே, யாருக்கு இன்னா ஆச்சி?"

"ஒனக்குத்தான்!"

"எனக்கா?" என்று அம்மா தன்னை ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

நானும் மாணிக்கராஜும் பக்கத்தில் போய்ச் சேர்ந்தோம். சிரிக்கலாமா என்று மாணிக்கராஜ் கண்ணால் கேட்டார். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னேன்.

அப்பா மூடியிருந்த கையைத் திறந்தார். டோக்கனின் வட்டம் உள்ளங்கையில் பதிந்து சிவந்திருந்தது.

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயையோ. வாங்கிக்கவே இல்ல."

"வாங்கிக்கவே இல்ல" என்றார் அப்பா.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். முனியப்பனை இன்றைக்கும் திட்டுகிறவர். ஆனால் அவர் அம்மாவின் நெற்றியில், கண்ணாடி அழுத்தியிருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வேறு என்ன பேசுவதென்று தெரியாதவர் போல, வழக்கமாகத் தன்னிடம் கேட்கப்படுவதைக் கேட்டார்.

"கீழ இன்னா?"

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தாறு வருடம் காத்திருந்த மாதிரி, அவசரப்படாமல் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டாள்.

"இன்னா இருக்கும்? கல்லு" என்றாள்.

அலை ஒன்று வந்து எங்கள் நான்கு பேரையும் கொஞ்சம் தூக்கி இறக்கியது. அப்பா அந்தப் பதிலை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். அதில் என்ன குறைகிறது என்று இன்று முதன்முறையாகத் தேடுகிறார் என்று தோன்றியது.

"கல்லுதானா?"

"கல்லுதாங்க."

"வேற?"

"வேற இன்னா இருக்கும்?"

அப்பா கையை நீட்டினார். டோக்கனைக் கொடுக்கத்தான். ஆனால் கொடுத்துவிட்டு, அதே கையால் அம்மாவின் கழுத்தில் தொங்கிய லூயிசாவின் கண்ணாடியைக் குழாயோடு கழற்றி எடுத்துக்கொண்டார்.

"ஒன் கையில கீற டோக்கன் ஒன்னுது இல்ல. இப்ப என்னுது" என்றார். "நான் மேல வர்ற வரைக்கும் வெச்சிக்கோ."

மாணிக்கராஜ் வளையத்தைக் கொண்டுவந்தார். அப்பாவுக்குக் குழாயைக் கவ்வச் சொல்லித்தர அவருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. மூன்று முறை இருமினார். நான்காம் முறை முகத்தை வைத்தவர், எடுக்கவில்லை. வேட்டி பின்னால் வெள்ளையாக, ஒரு பெரிய மீனின் வாலைப் போல விரிந்து மிதந்தது.

அம்மா படகில் ஏறி, ஏணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டோக்கனைக் காக்கிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். முறுக்கு டப்பாவைத் திறந்தாள்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் அப்பாவின் தலை எழும்பியது. குழாயை வாயிலிருந்து பிடுங்கினார்.

"பாக்யா!"

"இன்னாங்க?"

"கல்லுன்னு சொன்னியே!"

அம்மா முறுக்கைக் கடித்தாள். அப்பா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தலை மறுபடி உள்ளே போய்விட்டது.

மதியச் சாப்பாடு முடிந்தது. வெயில் சாய்ந்தது. ஆட்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். இந்த முறை படகோட்டியே கயிற்றைப் பிடித்து, ஊருக்குத் திரும்புவதற்கான சைரனை ஊதினார். அம்மா எழுந்திருக்கவில்லை.

"அக்கா, சாரைக் கூப்பிடட்டுமா? நேரமாச்சி" என்றார் மாணிக்கராஜ்.

அம்மா பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் தம்பி. அவரு எப்பவும் கடேசியாத்தான் வருவாரு" என்று சொல்லி, அவருக்கும் ஒரு முறுக்கைக் கொடுத்தாள்.